லொகர் கட்டளை போட்டும் லொக்கில் ஒன்றுமில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக் கணக்கை இரவில் பாக்கப் எடுக்கும் பழைய கொம்பியூட்டர், பாடசாலை லாப்பின் சேர்வர், குளத்து நீர்மட்டத்தை அளக்கப் பூட்டிய ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் என்று வவுனியாவிலிருந்து பரந்தன் வரை லினக்ஸ் ஓடும் இடங்கள் இப்போது பல. அவற்றில் ஓடும் ஸ்கிரிப்ட்கள் லொகர் என்ற கட்டளையால் சிஸ்லொக்குக்கு (லினக்ஸின் பொதுப் பதிவேட்டுக்கு) எழுத வேண்டியதை எழுதாதபோது வரும் கேள்விகளை, கேட்ட பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன். கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஒற்றை எழுத்து ஒப்ஷன்கள் குழப்பும் என்பதால் முடிந்தவரை நீள் பெயரையே சொல்கிறேன்.

அண்ணை, ஸ்கிரிப்டில லொகர் போட்டன். பிழையும் வரேல்லை, லொக்கிலயும் ஒண்டுமில்லை. செய்தி எங்கை போனது?

முதலில் ஸ்கிரிப்டைத் திருத்துவதை நிறுத்துங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஸ்கிரிப்டை மாற்றி மாற்றி எழுதிக் களைத்த பிறகுதான் கேட்க வருகிறார்கள். இரணைமடுவில் துருசு திறந்தும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் வயலைக் கொத்திப் பயனில்லை, வாய்க்கால் வழியே நடந்துதான் பார்க்க வேண்டும். லொக் செய்திக்கும் அப்படி ஒரு வழி உண்டு. ஸ்கிரிப்ட் லொகரைக் கூப்பிடுகிறது. லொகர் செய்தியை /டெவ்/லொக் என்ற சொக்கெட்டில் (நிரல்கள் செய்தி கைமாற்றும் வாசலில்) போடுகிறது. அந்தச் சொக்கெட்டைக் கேட்டுக்கொண்டிருப்பது ஜேர்னல்டி அல்லது ஆர்சிஸ்லொக் என்ற லொக் சேவையாக இருக்கும். அது தன் விதிகளைப் பார்த்து ஒரு கோப்பில் எழுதுகிறது, அல்லது எழுதாமல் விடுகிறது. செய்தி கடைசியாக எந்த இடத்தில் உயிரோடு இருந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு டெர்மினல் திறவுங்கள். ஒன்றில் "ஜேர்னல்சிடிஎல் --ஃபொலோ" ஓடட்டும், ஜேர்னல்டியின் பதிவை (ஜேர்னலை) அது வரவரக் காட்டும். மற்றதில் லொகருக்கு --எஸ்டிடிஎர்ர் ஒப்ஷன் கொடுத்து, --டேக் இல் (செய்தியின் அடையாளச் சொல்) உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைப் போட்டு, ஒரு சோதனை வரியை அனுப்புங்கள். --எஸ்டிடிஎர்ர் இருந்தால் அதே செய்தி திரையிலும் விழும்.

திரையில் விழவில்லையா? லொகர் ஓடவே இல்லை. திரையில் விழுந்து ஜேர்னலில் வரவில்லையா? சொக்கெட்டில் கோளாறு. ஜேர்னலில் வந்து கோப்பில் வரவில்லையா? ஆர்சிஸ்லொக்கின் விதியில், அல்லது அதன் அனுமதியில் கோளாறு. கோப்பிலும் வந்துவிட்டதா? அப்படியானால் லொக் அமைப்பு நன்றாக இருக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடும் சூழலைப் பாருங்கள்.

பிழை ஏன் வரவில்லை என்றும் கேட்பார்கள். சொக்கெட் இல்லாவிட்டாலும் லொகர் பேசாமல் 0 என்று, அதாவது வெற்றி என்று, திரும்புவது பழைய வழக்கம். பூட் ஆகும்போது லொக் சேவை எழும்ப முதலே ஓடும் ஸ்கிரிப்ட்கள் இதற்காக விழுந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். இப்போதைய லினக்ஸ் லொகரில் --சொக்கெட்-எர்ரர்ஸ்=ஒன் என்று போட்டால் வாயைத் திறந்து சொல்லும்.

எந்தக் கோப்பைப் பாக்கிறது? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம்.

எல்லாரும் சொல்வது சரிதான், அவரவர் கொம்பியூட்டரில். உபுண்டுவில் /வார்/லொக்/சிஸ்லொக். ரெட் ஹற் வழிவந்தவற்றில் /வார்/லொக்/மெசேஜஸ். ஃப்ரீபிஎஸ்டியிலும் மெசேஜஸ்தான். 2023 இல் வந்த டெபியன் 12 இலிருந்து ஆர்சிஸ்லொக் தானாக நிறுவப்படுவதில்லை. புதிதாகப் போட்டவர்கள் சிஸ்லொக் கோப்பைத் தேடிக் காணாமல் திகைப்பது இதனால்தான். அங்கே ஜேர்னல்சிடிஎல்லில் பாருங்கள், கோப்புத்தான் வேண்டுமென்றால் ஆர்சிஸ்லொக்கை நிறுவுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் "லொக்ரீட்" என்ற கட்டளை. அங்கே லொக் நினைவகத்தில் ஒரு வட்டமாகச் சுழல்கிறது, பழையது தானாக அழியும்.

இன்னொரு பொறி உண்டு. சாதாரணப் பயனராக ஜேர்னல்சிடிஎல் ஓட்டினால் உங்கள் சொந்தச் செய்திகள் மட்டுமே தெரியும். ரூட்டின் (நிர்வாகிப் பயனரின்) கிரொன், அதாவது குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை, எழுதியது தெரியாது. "ஒன்றுமில்லை" என்று முடிவெடுக்க முதல் சூடோ (ரூட்டின் உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள், அல்லது உங்களை ஏடிஎம் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

பிரயோரிட்டி, பெசிலிட்டி எண்டு போடுறது கட்டாயமோ?

கட்டாயமில்லை. பெசிலிட்டி என்பது செய்தி எந்த வகை நிரலிலிருந்து வருகிறது என்பது, பிரயோரிட்டி அது எவ்வளவு முக்கியம் என்பது. போடாவிட்டால் லொகர் யூசர்.நோட்டிஸ் என்று தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் செய்தி எந்தக் கோப்புக்குப் போகும், போகாமலே விடுமா என்பதை இந்த இரண்டு சொற்கள்தான் தீர்மானிக்கின்றன. ரெட் ஹற் குடும்பத்தில் மெசேஜஸ் கோப்புக்கு இன்ஃபோவும் அதற்கு மேற்பட்டதும்தான் போகும், டீபக் போகாது. கிரொன் என்ற பெசிலிட்டி போட்டால் தனிக் கோப்புக்குப் போய்விடும். ஃப்ரீபிஎஸ்டியில் இன்னும் இறுக்கம். யூசர்.இன்ஃபோ என்று அனுப்பினால் மெசேஜஸில் வராது, நோட்டிஸிலிருந்துதான் வரும். ஒரே ஸ்கிரிப்ட் இங்கே பேசி அங்கே ஊமையாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

செய்தியின் முன்னால் <13>, <134> என்று இலக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெசிலிட்டியின் எண்ணை 8 ஆல் பெருக்கி பிரயோரிட்டியைக் கூட்டினால் அது வரும். யூசர் 1, நோட்டிஸ் 5, ஆகவே 13. லோக்கல்0 என்பது 16, இன்ஃபோ 6, ஆகவே 134. உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்களுக்கு லோக்கல்0 முதல் லோக்கல்7 வரையானவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். மெயில், நியூஸ், யூயூசிபி என்று மிச்சப் பட்டியல் ஏன் பழங்காலத்துச் சாமான் போல இருக்கிறது என்றால், 1980களில் எரிக் ஓல்மன் தன் சென்ட்மெயில் மென்பொருளுக்காக எழுதியதுதான் சிஸ்லொக். பட்டியல் அந்தக் காலத்தோடு உறைந்துவிட்டது.

கையால ஓட்டினா வருது. கிரொனில விட்டா வரேல்லை. ஏன் உப்பிடி?

கிரொன் உங்கள் டெர்மினலின் சூழலைக் கொண்டுபோவதில்லை. பாத் என்பதில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் இல் வைத்த சின்னக் கட்டளை கிடைக்காமல், லொகர் இருக்கும் வரிக்கு முதலே ஸ்கிரிப்ட் செத்திருக்கலாம். முழுப் பாதையையும் எழுதுங்கள்.

அந்தச் சாவுச் செய்தியாவது வர வேண்டாமா? கிரொன் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும். நம் கொம்பியூட்டர்களில் மெயில் சேவை ஏது? டெபியன், உபுண்டுவில் "எம்டிஏ நிறுவப்படவில்லை, வெளியீடு கைவிடப்படுகிறது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியை மட்டும் லொக்கில் எழுதிவிட்டு உள்ளடக்கத்தை வீசிவிடும். அந்த வரி கண்ணில் பட்டால் பிழை ஸ்கிரிப்டில் இருக்கிறது, செய்தி குப்பையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிரொன் வரியின் கடைசியில் சாதாரண வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் சேர்த்து (2>&1) லொகருக்குப் பைப் செய்தால் (| குறியால் லொகருக்குள் விட்டால்) அடுத்த முறை பிடிபடும்.

அடுத்த சந்தேகம் சதவீதக் குறி. கிரொன்டாப் (கிரொனின் வேலைப் பட்டியல்) வரியில் % வந்தால் கட்டளை அந்த இடத்தோடு முடிந்துவிடும், மிச்சம் கட்டளைக்கு உள்ளீடாகப் போகும். பாக்கப் கோப்புக்குத் திகதியில் பெயர் வைக்க டேட் கட்டளையைக் கிரொன்டாப்பிலேயே எழுதியவர்கள் எல்லாரும் இதில் ஒரு தரம் விழுவார்கள். ஒவ்வொரு % க்கும் முன்னால் பின்சாய்கோடு போடுங்கள். அதைவிட நல்லது, அந்த வரியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோவது. அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கிரிப்டின்ரை வெளியீடு முழுக்க லொகருக்குப் பைப் செய்தன். பிழைகள் மட்டும் வரேல்லை. வாறதும் பிந்தித்தான் வருது.

இவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள், ஒன்றை நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை.

பைப் வழியே சாதாரண வெளியீடு மட்டும்தான் போகும். பிழை வெளியீட்டை 2>&1 போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பிந்துவதற்குக் காரணம் தேக்கம். திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளிவிடும் நிரல், பைப்பைக் கண்டதும் சில ஆயிரம் பைட் சேரும்வரை பிடித்து வைத்திருக்கும். மணிக்கு ஒரு வரி எழுதும் நீர்மட்ட ஸ்கிரிப்டில் அது நாள்கணக்காகலாம், இடையில் கரண்ட் போனால் பிடித்து வைத்தது முழுக்கப் போய்விடும். தேக்கத்தை நிறுத்த பைத்தனுக்கு சிறிய யூ ஒப்ஷன், கிரெப்புக்கு --லைன்-பஃபர்ட், மற்றவற்றுக்கு "எஸ்டிடிபஃப்" கட்டளை.

நீங்கள் கவனிக்காதது: பைப் போட்டதும் திரும்பி வரும் வெற்றி தோல்வி இலக்கம் கடைசிக் கட்டளையான லொகருடையது. பாக்கப் தோற்றாலும் லொகர் வென்றுவிடும், ஸ்கிரிப்ட் "சரி" என்று சொல்லும். என் கணிப்பில் இந்தப் பக்கத்திலேயே ஆபத்தானது இதுதான். லொக் வராதது தெரிந்துவிடும், பாக்கப் எடுபடாதது டிஸ்க் பழுதான பிறகே தெரியும். பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் "செட் -ஓ பைப்ஃபெயில்" போடுங்கள். முதல் வரியில் /பின்/எஸ்எச் என்று இருந்தால் உபுண்டுவில் அது பாஷ் அல்ல, டாஷ். எனவே முதல் வரியையும் /பின்/பாஷ் என்று மாற்றுங்கள்.

தமிழில எழுதின செய்தி பாதியில வெட்டுப்படுது, இல்லாட்டி கண்டபடி எழுத்தா வருது.

இதை இந்தியப் பக்கங்களிலும் ஆங்கிலப் பக்கங்களிலும் தேடியும் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் சொல்வதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

யூடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் "கி" உண்மையில் க என்ற குறியீடும் விசிறியும் சேர்ந்தது, ஆகவே 6 பைட். "இரணைமடு" கண்ணுக்கு 5 எழுத்து, கொம்பியூட்டருக்கு 7 குறியீடு, 21 பைட். "கிளிநொச்சி" 30 பைட். லொகரின் வழமையான மேல் எல்லை 1024. ஆங்கிலத்தில் அது ஒரு நல்ல பந்தி. தமிழில் 341 குறியீட்டோடு முடிந்துவிடும், அதாவது மூன்று நான்கு வசனம். பைப்பில் வரும் நீண்ட வரியை லொகர் அந்த எல்லையில் வெட்டி, மிச்சத்தை அடுத்த செய்தியாக அனுப்பும். வெட்டுவது பைட் கணக்கில் என்பதால் கத்தி ஓர் எழுத்தின் நடுவில் விழலாம். அப்போதுதான் வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் கேள்விக்குறிப் பெட்டிகள் வரும். --சைஸ் ஒப்ஷனால் எல்லையைக் கூட்டுங்கள். ஆர்சிஸ்லொக் வழமையாக 8 கிலோபைட் வரை ஏற்கும்.

வரி முழுக்கவே உடைந்து வந்தால் வேறு காரணம். ஃப்ரீபிஎஸ்டியின் சிஸ்லொக்டி, ஹெக்ஸில் (16 இன் அடி எண்முறையில்) 80 முதல் 9எஃப் வரையான பைட்களைக் கட்டுப்பாட்டுக் குறிகள் என்று நினைத்து "எம்-" என்று தொடங்கும் ஏதோ ஒன்றாக மாற்றிவிடும். "க" வின் கடைசிப் பைட் 95, ஆகவே உடையும். "ம" வின் கடைசிப் பைட் ஏஈ, ஆகவே தப்பும். அரைவாசி எழுத்து மட்டும் உடைந்திருக்கும் விசித்திரம் இதனால்தான். சிஸ்லொக்டியை -8 ஒப்ஷனோடு தொடக்கினால் சரி.

டேக்கைத் தமிழில் வைக்க வேண்டாம். செய்தி எந்த மொழியிலும் இருக்கட்டும், டேக் சின்ன ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக இருந்தால் பிறகு வடிகட்ட இலகு.

என்ரை செய்திகளுக்குத் தனிக் கோப்பு கேட்டு ஆர்சிஸ்லொக்கில விதி எழுதினன். கோப்பே உருவாகேல்லை.

"ஆர்சிஸ்லொக்டி -என்1" ஓட்டினால் விதியில் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லும் (அந்த என் பெரிய எழுத்து). பிழையில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். உபுண்டுவில் ஆர்சிஸ்லொக் ரூட்டாக ஓடுவதில்லை, சிஸ்லொக் என்ற பயனராக ஓடுகிறது. நீங்கள் சூடோவால் உருவாக்கிய போல்டருக்குள் அதற்கு எழுத உரிமை இல்லை. புரோகிராம்நேம் என்று வடிகட்டுகிறீர்களா? அது டேக்கில் முதல் சாய்கோட்டோடு நின்றுவிடும். டேக்கை "குளம்/மட்டம்" என்ற வடிவில் வைத்துவிட்டு முழுவதையும் ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. விதிக் கோப்புகள் பெயர் வரிசையில் வாசிக்கப்படுகின்றன. முன்னால் உள்ள ஒன்றில் "ஸ்டொப்" இருந்தால் செய்தி உங்கள் விதி வரை வராது. மாற்றிய பிறகு சேவையை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டும்.

ஒரே நேரத்தில கனக்க அனுப்பினா கொஞ்சம்தான் பதியுது.

வேகக் கட்டுப்பாடு. ஜேர்னல்டியின் வழமை ஒரு சேவைக்கு 30 செக்கனில் 10,000 செய்தி. மீறினால் இத்தனை செய்தி அடக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதும், அதைத் தேடுங்கள். ஒரு ஸ்கிரிப்ட் இந்த எல்லையைத் தொடுகிறதென்றால் எல்லையைக் கூட்ட முதல் லூப்பைப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்தா முந்தின லொக் ஒண்டையும் காணேல்லை. நேரமும் பிழையா இருக்கு.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது இந்தக் கேள்வி நாளாந்தம் வந்தது. மாரியில் மரம் விழுந்து லைன் அறும்போது இப்போதும் வருகிறது.

/வார்/லொக்/ஜேர்னல் என்ற போல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வழமையான அமைப்பில் அது இருந்தால்தான் ஜேர்னல் டிஸ்க்கில் எழுதும். இல்லையென்றால் /ரன் இல், அதாவது நினைவகத்தில். கரண்டோடு அதுவும் போகும். ஜேர்னல்டியின் கொன்பிக் கோப்பில் ஸ்டோரேஜ்=பர்சிஸ்டன்ட் என்று போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குப் பிறகு "ஜேர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்" முந்திய பூட்களைக் காட்டும்.

அப்படியும் கடைசி சில நிமிடங்கள் காணாமல் போகலாம். ஜேர்னல்டி 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் உறுதிப்படுத்துகிறது. ஆனால் கிரிட், அலர்ட், எமர்ஜ் என்ற மூன்று பிரயோரிட்டி மட்டத்திலும் வரும் செய்தியை உடனே உறுதிப்படுத்தும். யூபிஎஸ் "பற்றறி முடியப் போகுது" என்று சொல்லும் தருணத்தில் ஸ்கிரிப்ட் எழுதும் வரியைக் கிரிட்டில் அனுப்பினால் அது தப்பிவிடும். எல்லாவற்றையும் கிரிட் ஆக்கினால் எஸ்டி கார்ட்தான் தேயும்.

நேரம்: ராஸ்பெரி பையின் பழைய மாதிரிகளில் பற்றறியோடு ஓடும் மணிக்கூடு இல்லை. பை 5 இல் மணிக்கூடு உண்டு, பற்றறியை நாம்தான் வாங்கிப் பூட்ட வேண்டும். மணிக்கூடு இல்லாதது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எழும்பி, இன்டர்நெட் கிடைத்த பிறகே சரியான நேரத்துக்குத் தாவும். கரண்ட் வந்தும் ரவர் வேலை செய்யாத நேரம் எங்கள் பக்கத்தில் உண்டு என்பதால் அந்த இடைவெளியில் எழுதியது எல்லாம் பழைய நேரத்தில் கிடக்கும். நேரத்தால் தேடாமல் பூட்டால் தேடுங்கள்.

பிழை சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால் அது மணிக்கூட்டுக் கோளாறு இல்லை, கொம்பியூட்டர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. இரவு 11 மணிக்கு வைத்த பாக்கப் விடிய 4.30 க்கு ஓடுவதும் அதனால்தான். "டைம்டேட்சிடிஎல்" கட்டளையால் ஏஷியா/கொழும்பு என்று மாற்றி, கிரொனையும் ஆர்சிஸ்லொக்கையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

குளக்கரையில இருக்கிற பை, கிளிநொச்சியில இருக்கிற சேர்வருக்கு லொக் அனுப்புது. சில நாள் வருது, சில நாள் இல்லை.

ஸ்கிரிப்டிலிருந்து லொகருக்கு --சேர்வர் கொடுத்து நேரே அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது முதலில் யூடிபி என்ற அனுப்பும் முறையை, 514 ஆம் போர்ட்டில் முயலும். யூடிபியில் போய்ச் சேர்ந்ததா என்று ஒருவரும் சொல்வதில்லை. சிக்னல் இல்லாத நேரம் அனுப்பியது தொலைந்ததுதான். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததுபோன்ற ஒரு நாளில்தான் நீர்மட்ட லொக் உண்மையில் தேவை. தொடர்பு அறுவதும் அந்த நாளில்தான்.

ஸ்கிரிப்ட் உள்ளூரில் மட்டும் எழுதட்டும். அனுப்பும் வேலையை ஆர்சிஸ்லொக்கிடம் விடுங்கள். டிசிபியில் (சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் முறையில்), டிஸ்க்கில் சேமிக்கும் கியூவோடு (காத்திருப்பு வரிசையோடு): கியூவுக்கு ஒரு கோப்புப் பெயர், ரெசியூம்ரீட்ரைகவுண்ட் -1, நிறுத்தும்போது சேமிக்கும் ஒப்ஷன். தொடர்பு இல்லாதபோது செய்தி டிஸ்க்கில் நிற்கும், வந்ததும் போகும். கியூ வைக்காமல் டிசிபிக்கு மட்டும் மாற்ற வேண்டாம். சேர்வர் எடுக்காத நேரம் உள்ளூர் லொக்கும் சேர்ந்து அடைபடும்.

சேர்வர் பக்கம் வருகிறதா என்று பார்க்க டிசிபிடம்ப்பை 514 இல் ஓட்டுங்கள். அதில் தெரிந்து கோப்பில் இல்லையென்றால் ஃபயர்வோலையும், ஆர்சிஸ்லொக் அந்தப் போர்ட்டைக் கேட்கிறதா என்பதையும் பாருங்கள்.

டொக்கர் கொன்டெய்னருக்குள்ள லொகர் வேலை செய்யேல்லை.

கொன்டெய்னர் என்பது நிரல் ஓடும் தனி அடைப்பு, அதன் உள்ளே /டெவ்/லொக் இல்லை, கேட்பவரும் இல்லை. சாதாரண வெளியீட்டுக்கு எழுதுங்கள், டொக்கர் எடுத்துக்கொள்ளும்.

லொக்கில என்ன எழுதக்கூடாது?

பாஸ்வேர்ட், அடையாள அட்டை இலக்கம், வாடிக்கையாளர் தொலைபேசி இலக்கம். லொகருக்குக் கட்டளை வரியில் கொடுப்பது, அந்தக் கணம் "பிஎஸ்" (ஓடும் நிரல்களைக் காட்டும் கட்டளை) அடிக்கும் எவருக்கும் தெரியக்கூடும். கடை, சங்கம் நடத்துபவர்களுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

எல்லாம் பாத்தாச்சு, சரிவரேல்லை. உங்களிட்டை வர முந்தி என்ன எடுத்து வைக்கிறது?

எந்த லினக்ஸ், எத்தனையாம் பதிப்பு. "எல்எஸ் -எல் /டெவ்/லொக்" காட்டிய வரி. "டிஎஃப்" கட்டளை சொன்ன டிஸ்க் நிலை, இடம் மட்டுமல்ல ஐனோடும், அதாவது இன்னும் எத்தனை கோப்பு வைக்கலாம் என்பதும் (டிஸ்க் நிரம்பியதுதான் காரணம் என்று அத்தோடேயே தெரிந்துவிடுவது உண்டு). முதல் கேள்வியில் சொன்ன சோதனையில் செய்தி எங்கே வரை வந்தது. ஸ்கிரிப்டை வட்ஸ்அப்பில் ஒட்டாமல் கோப்பாக அனுப்புங்கள், ஒட்டும்போது குறிகள் மாறிவிடலாம். முக்கியமாக, கொம்பியூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வராதீர்கள். ஜேர்னல் நினைவகத்தில் இருந்தால் பார்க்க வேண்டியது அதோடு அழிந்துவிடும்.